பூட்டிக் கிடக்கும் எட்டுக் கடைகளை ஏலம் விடாதீர்கள்

எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரிக்கும், இந்த வார்டின் மன்ற உறுப்பினருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை, குடியிருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் ஞாயிற்றுச் சந்தை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிளாக்குகளுக்கு நடுவே திறந்தவெளியில் அனுமதியில்லாமல் காய்கறி விற்பவர்கள் ஏழு நாளுக்குள் காலி செய்ய வேண்டும். அப்புறம், கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடக்கும் எட்டுக் கடைகளும் அதிக வாடகை கேட்பவருக்கு ஏலத்தில் விடப்படும். ஏலம் கேட்க ஒரு கடைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும்.

அந்தக் கடைகளை எங்கள் கூட்டுச் சந்தைக்குக் கொடுங்கள் என்று பதினான்கு மாதத்தில் மூன்று மனு கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூட எழுத்தில் பதில் வரவில்லை. சுவரில் ஒட்டிய இந்தத் தாள்தான் பதில் என்றால் அதை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

குடியிருப்பின் பெயரை நான் இதில் எழுதவில்லை. எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் விண்ணப்பத்தில் சொந்தக்காரர் வீட்டு முகவரியைப் போடுகிறார்கள். நகருக்குள்ளிருந்து அகற்றியவர்களைக் கொண்டுவந்து விடுவதற்காகச் சென்னையின் விளிம்பில் கட்டிய இடம் இப்படி ஒன்றிரண்டா இருக்கிறது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று 2000 வாக்கிலிருந்து வரிசையாக எழுப்பினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். நான் எழுதுவது என் குடியிருப்பைப் பற்றி என்றாலும் அங்கே இருப்பவர்களுக்கும் இது புரியும்.

நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் கூரை வரை வந்து போனது. அதற்குப் பிறகுதான் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றங்கரை வாழ்க்கை சுகமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கழிவறைக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். மழைக்கு மழை சாமானைத் தலையில் தூக்கியிருக்கிறேன். இங்கே கதவு போட்ட வீடு இருக்கிறது, வீட்டுக்குள் கழிவறை இருக்கிறது. அதற்கு மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அங்கே சைதாப்பேட்டை மார்க்கெட் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால், கடை எடுத்து வைக்கிற நேரம். மீந்த தக்காளியும் கத்தரிக்காயும் கூறு கட்டிப் பத்து ரூபாய்க்குக் கொடுப்பார்கள். கொசுறாகக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் விழும். கையில் காசு இல்லாத நாளில் "நாளைக்குத் தர்றேன் அண்ணே" என்றால் போதும். மீன் தலை குழம்புக்குக் கிடைக்கும். அந்த மார்க்கெட்டை யாரும் எங்களுக்கு இலவசத் திட்டமாகத் தரவில்லை. அது இருந்ததால்தான் நாங்கள் சாப்பிட்டோம் என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

இங்கே வந்த முதல் வாரம் காய் வாங்கக் கீழே இறங்கினேன். முனையில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் ஒரு கூடையில் தக்காளி, இன்னொன்றில் வெங்காயம், உருளைக்கிழங்கு, வதங்கிப் போன நாலு முருங்கைக்காய். உள்ளே சரம் சரமாக ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். கீரை கேட்டேன். "கீரையெல்லாம் இங்க வராதும்மா, மெயின் ரோட்டுக்குப் போங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் தண்டலுக்குப் பணம் வாங்கிக் கடை நடத்துகிறவர். ஒன்பதாயிரம் கையில் வாங்கி, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் திருப்பிக் கட்டுகிறவர் குறைந்த விலைக்கு எப்படிக் கொடுப்பார்? மூன்று நாள் தாங்காத கீரையை எப்படி வாங்கி வைப்பார்?

ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ முப்பது ரூபாய், பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய். இது இல்லையென்றால் எங்கள் குடியிருப்பில் பல வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வந்துவிட்டால் சாப்பாட்டுப் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தப்பு. ஒரு ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு கிலோ. முனைக்கடை விலையில் அந்த இரண்டு கிலோவுக்கு நூறு ரூபாய். வீட்டு வேலைக்குப் போகிற பெண் நாளைக்கு முந்நூறு, நானூறு சம்பாதிக்கிறாள். அதில் காய்க்கு மட்டும் நூறு ரூபாயை அவளால் எடுக்க முடியுமா?

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "முருங்கைக்கீரை சாப்பிடும்மா, பேரீச்சை சாப்பிடு, தினம் ஒரு காய் சேர்த்துக்கோ" என்று நர்ஸம்மா அன்பாகத்தான் சொல்லி அனுப்பினார். அந்த அக்கா வருகிற வழியில் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு எங்கெல்லாமோ அலைந்துவிட்டுக் கடைசியில் மகனுக்கு ஒரு பரோட்டா பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். படியில் உட்கார்ந்து மருந்துச் சீட்டையும் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த ஐம்பத்து மூன்றில் ஒருத்தி என் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். கீரை தின்னத் தெரியாதவள் இல்லை அவள். வாங்க இடம் இல்லை.

"பஸ்தான் இலவசமாயிற்றே, மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாமே" என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் என்னிடம் கேட்டார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய உதவிதான். அந்தப் பஸ்ஸில்தான் எங்கள் பெண்கள் வேலைக்கே போகிறார்கள். ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் நாலு வீட்டு வேலை. அதற்குப் பிறகு மார்க்கெட்டில் இறங்கி, பத்து கிலோ பையோடு அடுத்த பஸ்ஸில் ஏறி, இங்கே வந்து ஏழு மாடி. லிப்ட் ஓடாத நாளில் ஏறிப் பார்த்தால் தெரியும், அந்தப் பை எவ்வளவு கனம் என்று.

இந்த நகரத்துக்கு இடம் மாற்றத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கொத்தவால் சாவடியில் நெரிசல் தாங்கவில்லை என்று 1996இல் காய்கறி வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது வியாபாரிகளைக் கூட்டிப்போய் வெட்டவெளியில் விடவில்லை. முதலில் கடை கட்டினார்கள், லாரி நிற்க இடம் விட்டார்கள், சாலை போட்டார்கள். 2020 மே மாதம் கொரோனாவில் கோயம்பேட்டை மூடியபோதுகூட, சில நாளில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்துக் கொடுத்தார்கள். சந்தையை நகர்த்தும்போது அதோடு என்னென்ன போக வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்திருக்கிறது. குடும்பங்களை நகர்த்தும்போது மட்டும் நாலு சுவரோடு யோசனை நின்றுவிட்டது.

அந்த 2020 ஊரடங்கில்தான் எங்கள் சந்தை ஆரம்பித்தது. முனைக்கடையில் தக்காளி தீர்ந்து, வெங்காயம் தீர்ந்து, பத்து நாள் சோறும் ஊறுகாயுமாக ஓடியது. எங்கள் பிளாக்கில் பதினோரு பேர் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டோம். கீழ்த்தளத்தில் குட்டி யானை சரக்கு வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவன் இருந்தான். அவன் பாஸ் வாங்கி, செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்துக்குப் போய், விற்க வழியில்லாமல் வயலிலேயே காய்ந்துகொண்டிருந்த வெண்டைக்காயும் புடலங்காயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு வந்தான். தார்ப்பாயை விரித்துக் கொட்டிப் பதினோரு கூறாகப் பிரித்தோம். பிரித்து முடிப்பதற்குள் மேல் மாடியிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு ஐம்பது பேர் இறங்கி வந்துவிட்டார்கள்.

அப்புறம் அது நிற்கவேயில்லை. இன்றைக்கு 112 பங்குதாரர்கள். ஒரு பங்கு ஐந்நூறு ரூபாய். மொத்தமாகக் கட்டியவர்கள் குறைவு; வாரம் இருபத்தைந்து ரூபாயாகக் கட்டி முடித்தவர்கள்தான் அதிகம். எத்தனை பங்கு வாங்க முடிந்தவராக இருந்தாலும் ஒருவருக்கு ஒரே பங்கு, ஒரே ஓட்டு. ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டி வரும். வெண்டை, கத்தரி, கீரை, சுரை எல்லாம் கிராமத்திலிருந்து. தக்காளி, வெங்காயம், கேரட் கோயம்பேட்டிலிருந்து. தராசு தொழிலாளர் துறை முத்திரை போட்டது. உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டிப் பதிவு எடுத்திருக்கிறோம்.

விலை எப்படிப் போடுகிறோம் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். என் நோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: தக்காளி கோயம்பேட்டில் கிலோ 22 ரூபாய்க்கு எடுத்தோம். வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் சேர்ந்து கிலோவுக்கு 3. நசுங்கல், அழுகல் கழிவு 2. நின்று விற்கிற நாலு பெண்களுக்குக் கூலி 2. பொதுப் பணத்துக்கு ஒரு ரூபாய். ஆக 30. அன்றைக்கு வெளியே தக்காளி 45. இந்த ஐந்து வரியையும் அப்படியே கரும்பலகையில் எழுதி வைப்போம். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டால் படித்துச் சொல்வோம். அன்று இரவே வரவு செலவை நோட்டுத் தாளில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிடுவோம். கால் கிலோ வாங்குகிறவருக்கும் கிலோ விலைக் கணக்குத்தான். பத்து ரூபாய்க் கூறும் உண்டு. பங்குதாரர் இல்லாதவருக்கும் அதே விலை.

தப்பே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் மழை வாரத்தில் நாற்பது கிலோ தக்காளி அழுகிப் போனது. நிழலில்லாத இடத்தில் சாக்கு மேல் கொட்டி வைத்திருந்தோம், மேலே பெய்தது, கீழே ஊறியது. அந்த நஷ்டத்தை அப்போது இருந்த பங்குதாரர்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கடன் வாங்கியவர்களில் சிலர் திருப்பித் தரவில்லை. இப்போது ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் கடன் இல்லை, அதற்கு வட்டியும் இல்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். அந்த முந்நூறு ரூபாய்க் கடனால் தண்டல்காரரிடம் போகாமல் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்களோடு உட்கார்ந்து விற்கிற கீரைக்கார ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைதாப்பேட்டையில் முப்பது வருடம் கூடைக்காரியாக இருந்தவர். இங்கே வந்ததும் தொழில் போயிற்று. கூடையோடு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகிற வயதில்லை. மூன்று வருடம் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். இப்போது ஞாயிறு காலை அவர்தான் முதலில் இறங்குகிறார். கீரைக்கட்டைக் கையில் எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். பட்டென்று ஒடிந்தால் கூடைக்குள் போகும். வளைந்தால் வண்டிக்காரத் தம்பியிடம் திரும்பிப் போகும். "நேத்து அறுத்ததைக் கொண்டாந்து என் தலையில கட்டாதடா" என்பார். ஈரத்துணியை நாலாக மடித்து, கீரை மேல் போர்த்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிப்பார். ஒரு ஞாயிறுக்கு நூற்றிருபது கட்டு போகிறது. கீரை இங்கே வராது என்று சொன்னார்களே, அதே இடத்தில். உங்கள் அறிவிப்பில் 'அப்புறப்படுத்த வேண்டும்' என்று இருக்கிறதே, அது இவரைத்தான்.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். ஒரு கடைக்கு ஐம்பதாயிரம் என்றால் எட்டுக் கடைக்கு நான்கு லட்சம். எங்கள் பங்குத் தொகை முழுவதும் சேர்ந்தாலே ஐம்பத்தாறாயிரம்தான். ஏலம் என்ற சொல்லைப் போட்டபோதே எங்களை வெளியே நிறுத்திவிட்டீர்கள். சரி, பணமுள்ள ஒருவர் எடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதிக வாடகைக்கு எடுத்தவர் அந்த வாடகையை எங்கிருந்து எடுப்பார்? எங்கள் கால் கிலோ தக்காளியிலிருந்துதான். சுற்றி வேறு கடை இல்லை, மக்களுக்கு வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும். நீங்கள் வாடகை என்று வாங்குவது எங்கள் தட்டிலிருந்து போகிற காய். காய்கறி லாபம் தரவில்லையென்றால் ஆறு மாதத்தில் அவர் செல்போன் ரீசார்ஜும் பாக்கெட் தீனியும் வைத்துக்கொள்வார். அதைத் தடுக்க உங்கள் ஏல நிபந்தனையில் ஒரு வரிகூட இல்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தால் அந்தக் கிலோவுக்கு ஒரு ரூபாய் இங்கேயே சுற்றும். போன வருடம் அந்தப் பணத்தில்தான் இரண்டாவது தராசு வாங்கினோம், மூன்று குடும்பத்துக்குப் பள்ளி திறக்கிற மாதம் கைமாற்று கொடுத்தோம். விலை கூடினால் யாரிடம் சண்டை போடுவது என்று மக்களுக்குத் தெரியும். மாடிப்படியில் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். சொந்தமாக நடத்துவது என்றால் எங்களுக்கு அதுதான் அர்த்தம்.

"நீங்களெல்லாம் கடை நடத்திப் பழக்கம் இல்லாதவர்கள்" என்றார்கள். 1904இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்தவர்களும் ஒரு நாள் அனுபவம் இல்லாமல்தான் ஆரம்பித்தார்கள். நூற்றிருபது வருடம் தாண்டி அது இன்னும் இந்தச் சென்னையில் இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் மகளிர் குழுவில் பத்து வருடமாக வங்கிக் கடன் வாங்கிக் கட்டிக் கணக்கெழுதியவர்கள். கீரைக்கார ஆயாவைவிடக் காய் தெரிந்தவர் உங்கள் ஏலத்தில் யார் வரப்போகிறார்கள்?

உழவர் சந்தை இருக்கிறதே என்பார்கள் சிலர். 1999 நவம்பரில் மதுரையில் ஆரம்பித்த அந்தத் திட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கடை வாடகை இல்லை, தராசு இலவசம், காலையில் விலைப்பலகை எழுதிவிடுவார்கள். எங்கள் கரும்பலகைகூட அதைப் பார்த்து வந்ததுதான். ஆனால் அது விளைவிக்கிறவர்களுக்கான இடம். விடிகாலையில் சூடு பிடித்துக் காலையிலேயே முடிந்துவிடும். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு வேண்டியது சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை திறந்திருக்கிற, நாங்களே நேரம் வைத்துக்கொள்கிற கடை. கூரை இருந்தால் வாரம் ஒரு நாளை ஆறு நாளாக்க முடியும். அந்த எட்டு ஷட்டர்களுக்குப் பின்னால் கூரை இருக்கிறது. எட்டு வருடமாக எலிக்கும் புறாவுக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடித்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்தத் தெருவோர வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. எங்கள் குடியிருப்பில் அந்தக் கணக்கெடுப்புக்கு யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. அதே சட்டம், தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அரசமைப்பின் 19ஆவது பிரிவில், 2011ஆம் ஆண்டின் 97ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட உரிமை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவு செய்ய 25 பேர் போதும். நாங்கள் 112 பேர் இருக்கிறோம். ஆனால் பதிவுக்கு முகவரி வேண்டும், இடத்துக்கான கடிதம் வேண்டும் என்கிறார்கள். கடிதம் உங்களிடம் இருக்கிறது. நீங்களோ பதிவு பெற்ற சங்கமாக வா என்கிறீர்கள். இந்த இரண்டு மேசைக்கும் நடுவே பதினான்கு மாதமாக நடந்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவை நடக்கிறபோதும் எங்களில் ஒருத்திக்கு ஒரு நாள் கூலி போகிறது.

நாங்கள் கேட்பது இவைதான்.

ஏழு நாள் அறிவிப்பை உடனே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். இந்த ஞாயிறு வண்டி வரும்போது யாரும் வந்து தார்ப்பாயைப் பிடித்து இழுக்கக் கூடாது.

எட்டுக் கடைக்கான ஏலத்தை நிறுத்தி வையுங்கள். எட்டையும் கொடுக்க மனமில்லையென்றால் முதலில் ஓரத்தில் சேர்ந்தாற்போல் இருக்கிற ஐந்தைக் கொடுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை, மாதம் கடைக்கு ஐந்நூறு ரூபாய் வாடகையும் மின் கட்டணமும் நாங்கள் கட்டுகிறோம். ஐந்து வருட ஒப்பந்தம் போடுங்கள். காய், கனி, கீரை, மளிகை, மீன், முட்டை தவிர வேறு எதுவும் விற்கக் கூடாது என்று நிபந்தனை எழுதுங்கள். உள்வாடகைக்கு விட்டால் அன்றே பூட்டலாம் என்றும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் ஆள் வந்து கணக்கைப் பார்க்கட்டும். மீதி மூன்று கடையில் ஒன்றை முனைக்கடைக்காரருக்குக் கொடுங்கள் என்றும் எங்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். அவர் பிழைப்பைக் கெடுத்து எங்கள் சந்தை வளர வேண்டாம்.

சங்கப் பதிவுக்கு வேண்டிய இடக் கடிதத்தைப் பதினைந்து நாளுக்குள் கொடுங்கள். பதிவு வரும்வரை தற்காலிக அனுமதி என்று ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும்.

வளாகத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு விளக்கு, பெண்கள் போக ஒரு கழிவறை, காய்கறிக் கழிவுக்குத் தனித் தொட்டி. தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

மன்ற உறுப்பினர் அவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பை எங்கள் குடியிருப்பில் நடத்தச் சொல்லி அடுத்த மன்றக் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டும். ஓட்டுக் கேட்க வந்தபோது கீரைக்கார ஆயாவிடம்தான் கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போனீர்கள். காசு வேண்டாம் என்றார் அவர். அவர் பெயர் அந்தக் கணக்கெடுப்பில் முதல் பெயராக வர வேண்டும்.

கடைசியாக, இதையெல்லாம் பேச அலுவலக நேரத்தில் எங்களைக் கூப்பிடாதீர்கள். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீங்களே வாருங்கள். வியாபாரம் நடக்கிறபோதே பாருங்கள், பங்குதாரர்களிடம் நேரில் கேளுங்கள். மூன்று மனுவின் ரசீதும், ஐந்து வருடக் கணக்கு நோட்டும் அங்கேயே மேசை மேல் இருக்கும். என்றைக்கு வருகிறீர்கள் என்று அறிவிப்பு ஒட்டிய அதே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் கூட்டுச் சந்தையின் கணக்கெழுதும் பொறுப்பில் இருப்பவள்,
112 பங்குதாரர்கள் சார்பாக